சொட்டுகிற வால்வை அடைக்காதீர்கள்

பொள்ளாச்சியில் அடுக்குமாடி வீடும் லைன் வீடும் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் அய்யாமார்களுக்கும் அம்மணிகளுக்கும்,

முப்பத்தொரு வருடம் பாய்லர் முன்னால் நின்று வேலை பார்த்தவன் நான். முதலில் கோவைப் பக்கம் ஒரு துணி பிராசஸிங் மில். பிறகு நம்மூரிலேயே ஒரு தேங்காய் பவுடர் கம்பெனி. ஓய்வு பெற்ற பிறகு உங்களைப் போன்ற ஒருவர் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார், வாடகை இரண்டு நாள் தள்ளிப்போனால் முகம் சுளிக்க மாட்டார். அதனால்தான் இதை அவருக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நல்லவர்கள் வீட்டிலேயே நடக்கிற காரியம் இது.

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். குளிர்காற்று ஊசியாய்க் குத்துகிற நேரம். எதிர் வீட்டு அம்மணி கதவைத் தட்டினார். “அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்ணா, கீசருக்குள்ள என்னமோ கொரகொரங்குது.”

போய்ப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த 25 லிட்டர் கீசர், அடுப்பில் மறந்துவிட்ட இட்லிப் பானை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தபோது தண்ணீருக்குப் பதில் புஸ்ஸென்று ஆவிதான் வந்ததாம், பயந்து மூடிவிட்டார். சிவப்பு விளக்கு அணையவே இல்லை. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று உடனே தெரிந்தது. சூடு ஏறிய பிறகு கரண்டை வெட்ட வேண்டியது அதுதான். வெளியே வந்து மெயினை அணைத்தேன். குளிக்கக் காத்திருந்த இரண்டு பிள்ளைகளையும் ஹாலுக்கு அனுப்பினேன். ஆறுகிற வரை யாரும் குழாயைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஒரு மணி நேரம் கழித்து உறுமல் அடங்கியது. டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போகிற பைப்பில் சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடம் அது. அங்கே டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிய ஒரு பித்தளை பிளக் இருந்தது.

“அது சொட்டிக்கிட்டே இருந்துச்சுங்ணா. கீழ் வீட்டுச் சீலிங்ல ஈரம் இறங்குதுன்னு ஓனர் பிளம்பரை அனுப்பி அடைச்சுக் குடுத்தாருங்க. அப்பறம் சொட்டறதில்லீங்க.”

எனக்கு அடிவயிறு கலங்கிப்போனது. இதே காரியத்தைக் கம்பெனியில் நாங்கள் செய்திருந்தால் ஜெயிலுக்குப் போயிருப்போம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பாய்லரின் சேஃப்டி வால்வு வேலை செய்யாதபடி கைவைப்பது நம் நாட்டுச் சட்டத்தில் இரண்டு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். 1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் செத்தார்கள். அதன் பிறகு 1864-இல் வங்காளத்தில் நீராவிக் கொதிகலன்களை ஆய்வு செய்யச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மாகாணமும் தனித்தனி விதி வைத்திருந்த காலம் போய், 1923-இல் நாடு முழுமைக்கும் இந்தியக் கொதிகலன் சட்டம் வந்தது. 1924 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஓடிய அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். புதுச் சட்டத்தில் சின்னச் சின்னத் தவறுகளுக்கான சிறைத் தண்டனையை நீக்கிவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் சேஃப்டி வால்வில் கைவைப்பதை விடவில்லை. உயிர் போகிற குற்றங்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

எங்கள் கம்பெனி பாய்லருக்கு ஒரு பதிவு எண் உண்டு. காகிதத்தில் மட்டும் இருக்கிற எண் இல்லை அது. இரும்பிலேயே அழியாதபடி குத்தப்பட்டிருக்கும். சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான். அது முடிவதற்குள் பாய்லரை நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீரை வடித்து, மேன்ஹோல் மூடியைக் கழற்றி, உள்ளே படிந்த உப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். கொதிகலன் ஆய்வாளர் வந்து உள்ளே எட்டிப் பார்ப்பார், டியூபுகளைத் தட்டிப் பார்ப்பார். தண்ணீர் நிரப்பி, ஓடுகிற அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றி எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார். பிறகு நீராவி ஏற்றி, சேஃப்டி வால்வு சரியான அழுத்தத்தில் தானாகத் தூக்குகிறதா என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்த வால்வு முதல்முறை தூக்கும்போது வருகிற சத்தத்தைக் கேட்டால் புதுப் பையன்கள் ஓடிப்போவார்கள். எங்களுக்கு அதுதான் நிம்மதி. சான்றிதழ் பெற்ற பாய்லர் அட்டெண்டன்ட் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கவே முடியாது. ஒவ்வொரு ஷிப்டிலும் கேஜ் கிளாஸைத் திறந்து விட்டு, தண்ணீர் மட்டம் உண்மையாகவே அங்கேதான் நிற்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

இத்தனை இருந்தும் விபத்து நடக்கிறது. 2020-இல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7-ஆம் தேதி ஒரு தடவை, ஜூலை 1-ஆம் தேதி இன்னொரு தடவை பாய்லர் வெடித்தது. ஜூலையில் அன்றைக்கே ஆறு பேர் போய்விட்டார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தவர்களில் மேலும் பலர் ஒவ்வொருவராகப் போனார்கள். ஆய்வாளரும் அட்டெண்டன்ட்டும் நோட்டும் இருக்கிற இடத்திலேயே இந்தக் கதி.

உங்கள் கட்டடத்துக்குள் இந்த ஆய்வாளர் வர மாட்டார். சட்டம் பாய்லருக்குச் சொல்லும் இலக்கணத்திலேயே மூன்று விலக்கு இருக்கிறது. கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவாக இருந்தால் அது பாய்லர் இல்லை. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைவு என்றாலும் இல்லை. தண்ணீர் 100 டிகிரிக்குக் கீழேதான் சூடாகும் என்றாலும் இல்லை. ஆகவே குளியலறைக் கீசர் கணக்கில் வராது. நியாயமான விலக்குதான். வீட்டுக்கு வீடு கீசரைப் பதிவு செய்ய ஆரம்பித்தால் எந்தக் கொதிகலன் இயக்ககத்துக்கும் ஆள் போதாது. ஆனால் அந்த விலக்கு ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தெர்மோஸ்டாட் கரண்டை வெட்டும், அது கெட்டால் கட்-அவுட் வெட்டும், அதுவும் கெட்டால் வால்வு திறக்கும், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்கிற நம்பிக்கை. அன்று எதிர் வீட்டில் மூன்றுமே போயிருந்தன. சுவரில் தொங்கியது பதிவு எண் இல்லாத பாய்லர். அதன் அடியில் நின்று குளிக்க இரண்டு குழந்தைகள் துண்டோடு காத்திருந்தார்கள்.

சேஃப்டி வால்வு ஏன் சொட்டுகிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சூடானால் பெருகும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்கு ஏற்றினால் அரை லிட்டருக்கு மேல் கூடுகிறது. அந்த அரை லிட்டர் எங்கேயாவது போயாக வேண்டும். முன்பு மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராகப் பைப் இறங்கும். கூடுதல் தண்ணீர் வந்த வழியே மேலே ஏறிக்கொள்ளும். யாருக்கும் தெரியாது. இப்போது புதுக் கட்டடங்களில் பிரஷர் பம்ப் வைக்கிறோம், சூட்டுத் தண்ணீர் திரும்பி வராமல் இருக்க நான்-ரிட்டர்ன் வால்வு போடுகிறோம். திரும்பிப் போகிற வழி அடைபட்டுவிட்டது. மிச்சம் இருக்கிற ஒரே வழி சேஃப்டி வால்வு. கீசர் சூடாகும்போது அது சொட்டினால் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கீசர் அணைந்து ஆறிய பிறகும் நிற்காமல் சொட்டினால்தான் வால்வு பழுது, அப்போது மாற்ற வேண்டும். இரண்டுக்கும் மருந்து அடைப்பது இல்லை. பழைய தொட்டிக் காலத்துப் பிளம்பருக்கு சொட்டு என்றாலே கசிவு. அவரையும் குறை சொல்ல மாட்டேன். சொட்டக் கூடாது என்றுதான் நீங்கள் சொல்லி அனுப்பியிருப்பீர்கள்.

வழியே இல்லாமல் மூடிய கலத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டினால் அது உடனே ஆவியாகாது. அழுத்தம் அதைத் தண்ணீராகவே பிடித்து வைத்திருக்கும். தொட்டி எங்காவது விண்டால் அந்த நொடியில் பிடி விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஐந்தடிக்கு ஏழடி குளியலறையில் அதற்கு ஏது இடம்? சுவரைத்தான் தள்ளும்.

நம் பாட்டிமார் வெந்நீர் போட்ட விதம் நினைவிருக்கும். கொல்லைப்புறத்தில் மூன்று கல், மேலே செப்பு அண்டா, அடியில் தேங்காய்த் தொட்டியும் மட்டையும் பன்னாடையும். பிறகு நடுவில் குழாய் வைத்த செம்புப் பாய்லர் வந்தது. தோப்புக்காரர் வீடுகளில் இன்றும் அதுதான். புகை கண்ணைக் கரிக்கும், சுவர் கருத்துப்போகும். ஆனால் அண்டா வெடித்து யாரும் செத்ததாக நான் கேட்டதில்லை. மூடி திறந்திருக்கும், ஆவி போக வழி இருக்கும். அந்த அண்டாவை அடுக்குமாடிக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் மூடிய தொட்டிக்கு மாறினோம். மூடியபோதே அதன் வாயில் ஒரு வால்வையும் வைத்தோம். அண்டாவின் திறந்த வாய்க்கு இன்றைக்கு மிஞ்சியிருப்பது அந்த விரல் நீள வால்வு மட்டும்தான்.

இது யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். நானும் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1960-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கிறது, தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது அதன் முதல் கட்டளை. நம்மூரில் எத்தனை வீட்டுக்குப் பதிவாகியிருக்கிறது என்று உங்கள் மனசுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பராமரிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டட அமைப்பு, வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, உள்ளும் புறமும் ஒயரிங் எல்லாம் உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், சாக்கெட், கூடவே கீசர் ரிப்பேரும் குடியிருப்பவருக்கு. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை இதுதான் பங்கு.

ஆகவே, “கீசர் ரிப்பேர் உங்க பொறுப்புங்க” என்று என்னிடம் நீங்கள் சொன்னால் சட்டப்படி தப்பில்லை. ஆனால் கீசரில் உயிரெடுப்பது எது என்று பார்த்தால் இந்தப் பங்கு நிற்காது. வால்வு உட்காருகிற பைப் உங்களுடையது, வால்வு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. சாக்கெட் என்னுடையது, அதன் மூன்றாவது ஓட்டைக்கு எர்த் ஒயர் வந்திருக்கிறதா என்பது உங்கள் ஒயரிங். ஹீட்டர் காயில் போனால் நான் மாற்றலாம். காயில் ஓட்டையாகித் தண்ணீரில் கரண்ட் பாய்ந்தால் என்னைக் காப்பாற்றுவது உங்கள் மெயின் போர்டில் இருக்கும் டிரிப்பர். தகராறு இல்லாத பங்கில் எல்லாம் யாராவது வேலையைச் செய்துவிடுகிறார்கள். உங்கள் பங்கும் என் பங்கும் உரசுகிற இந்தக் கோட்டில்தான் ஒருவரும் கைவைப்பதில்லை.

டிரிப்பர் என்றதும் பாதிப் பேர் “எம்சிபி போட்டிருக்கோமுங்க” என்பீர்கள். எம்சிபி வேறு, ஆர்சிசிபி வேறு. கீசருக்கு நாம் போடுகிற 16 ஆம்பியர் எம்சிபி, அதற்கு மேல் கரண்ட் போனால் ஒயர் எரியாமல் காப்பாற்றும். மனிதனைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். எம்சிபி அசையக்கூட அசையாது. ஆர்சிசிபி போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால், அது யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகள், 2 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு இணைப்புகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரு கீசர் மட்டுமே 2 கிலோவாட் இழுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பெட்டியில் ‘டி’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக்.

இன்னொன்று. கீசர் கெட்டுப்போய் இது யார் செலவு என்று ஒரு மாதம் இழுபறியாகும்போது, குடியிருப்பவர் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பதில்லை. சந்தைப்பேட்டைக் கடையில் ஒரு ஹீட்டர் ராடு வாங்கி வாளிக்குள் தொங்கவிடுவார். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். அவசரத்தில் சுவிட்சை அணைக்காமலே கையை விட்டுச் சூடு பார்ப்பார். லைன் வீடுகளில் எர்த் என்பது பல இடத்தில் சாக்கெட்டில் ஓட்டையாக மட்டுமே இருக்கிறது. அந்த ராடுக்கும் நீங்கள் தள்ளிப்போட்ட ரிப்பேருக்கும் நடுவே நேரான ஒரு வழி இருக்கிறது.

கேஸ் கீசரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரண்ட் பில் மிச்சம், போர் தண்ணீருக்குக் காயில் போகிற தொல்லை இல்லை என்று இப்போது அதைப் பலர் மாட்டுகிறார்கள். குளியலறைக்குள்ளேயே மாட்டுகிறார்கள், ஜன்னலுக்குக் கொசு வராமல் கண்ணாடியும் போடுகிறார்கள். கேஸ் எரியக் காற்று வேண்டும். மூடிய அறையில் காற்று குறைந்தால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, கண்ணும் கரிக்காது. தலை சுற்றுகிறதே என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மாட்டார். தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கும், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதால் வெளியே இருப்பவர்கள் குளிக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது: அந்தப் பெட்டி குளியலறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் இருக்க வேண்டும், சூட்டுத் தண்ணீர்ப் பைப் மட்டும் உள்ளே வரட்டும். உள்ளே மாட்டியிருந்தால் இந்த வாரமே கழற்றுங்கள்.

லிஃப்ட் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சட்டம் உங்கள் வாசலுக்கே வந்திருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி, நிறுவும் முன் அனுமதி, ஓட்டுவதற்கு உரிமம், உரிமம் முடியுமுன் புதுப்பிப்பு, விபத்து என்றால் தகவல், எல்லாமே உரிமையாளர் தலையில். மின் ஆய்வுத் துறைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மெயின்டனன்ஸ் கம்பெனிக்காரர் கிரீஸ் அடித்துப் போவதும் அரசு உரிமமும் ஒன்று இல்லை. உரிமத்தின் நகலைத் தரைத்தளத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டி வையுங்கள். கேட்காமலே எங்களுக்கு நம்பிக்கை வரும்.

மறுபடி பாய்லருக்கு வருகிறேன். குளிர் நாடுகளில் கட்டடம் முழுவதற்கும் நிலவறையில் ஒரே பாய்லர் இருக்கும். நியூயார்க் நகரத்தில் ஆறு குடும்பமும் அதற்கு மேலும் இருக்கிற கட்டடம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை அதை ஆய்வு செய்து நகரக் கட்டடத் துறையில் அறிக்கை கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் 1998 விதிப்படி, வாடகை வீட்டின் கேஸ் பாய்லரையும் மற்றக் கேஸ் சாதனங்களையும் பதிவு பெற்ற ஆள் வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும். சோதித்த 28 நாளுக்குள் அதன் நகல் குடியிருப்பவர் கையில் இருக்க வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்குச் சாவி கொடுக்கும் முன்பே கொடுத்தாக வேண்டும். இந்த இரண்டாவது விதியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நகல்தான். அதிகாரியிடம் காகிதம் போவது ஒரு பக்கம். அந்த வீட்டில் குளிக்கப் போகிறவர் கையில் காகிதம் இருப்பது வேறு.

நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. உங்களிடம் நான் கேட்பது ஒரு பக்கத் தாள். கீசரின் மாடல், மாட்டிய தேதி, ஐஎஸ்ஐ முத்திரை, சேஃப்டி வால்வு இருக்கிறது என்பது, அதைக் கடைசியாகத் தூக்கிப் பார்த்த தேதி, எர்த் சோதித்த தேதி, ஆர்சிசிபி பொத்தான் விழுந்த தேதி. பார்த்த எலக்ட்ரீஷியன் பெயர். அதன் கீழே உங்கள் கையெழுத்து, குடியிருப்பவர் கையெழுத்து. வாடகை ஒப்பந்தத்தோடு பின் போட்டுவிடலாம். ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்து, வால்வும் எர்த்தும் டிரிப்பரும் உரிமையாளர் செலவு, சுவிட்சும் காயிலும் குடியிருப்பவர் செலவு என்று எழுதிக்கொண்டால் இழுபறியே வராது. சட்டமே அப்படி எழுதிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். ஒரு சேஃப்டி வால்வும் ஒரு ஆர்சிசிபியும் எலக்ட்ரீஷியன் கூலியும் சேர்ந்தாலும் ஒரு வீட்டின் ஒரு மாத வாடகைக்குள் அடங்கிவிடும். எங்கள் அட்வான்ஸ் பணம் உங்களிடம் இருக்கிறது. தனியாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. நம்மூரில் அதற்கு மேலும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், முணுமுணுக்காமல். அதன் வட்டியிலேயே இதைச் செய்துவிடலாம்.

தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். நகராட்சிக் குழாயில் வரும் ஆழியாற்றுத் தண்ணீர் கீசரை ஒன்றும் செய்யாது. அது போதாமல் போர் தண்ணீரைக் கலக்கிற கட்டடங்களில் காயில் மேல் சுண்ணாம்பு ஓடு கட்டுகிறது, வால்வின் வாயிலும் அதே ஓடு. பாய்லரில் இதற்குத்தான் நாங்கள் தினமும் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து கசண்டை வெளியேற்றுவோம். கீசருக்கு வருடம் ஒருமுறை போதும்: மெயினை அணைத்து, ஆறவிட்டு, வடித்து, கழுவி, வால்வின் சின்ன நெம்பைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தால் முடிந்தது. மூன்று மாடி, ஒன்பது வீடு என்றால் ஒரு எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு பிளம்பருக்கும் இரண்டு நாள் வேலை.

எதிர் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். அன்று காலை பத்து மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். நான் அந்தப் பித்தளை பிளக்கைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, “இது தெரியாமப் போச்சுங்களே” என்றார். அன்றைக்கே கடைக்குப் போய் ஒன்பது வீட்டுக்கும் வால்வு வாங்கிவந்தார். ஒன்பதில் நான்கில் வால்வே இல்லை, இரண்டில் இருந்தும் துருவேறி அசையவில்லை. மெயின் போர்டில் ஆர்சிசிபி இரண்டே வீட்டில்தான் இருந்தது. கட்டி ஏழு வருடம்தான் ஆகிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஏழு வருடமாக யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மகாலிங்கபுரத்திலும் ஜோதி நகரிலும் கோட்டூர் சாலையிலும் உடுமலை சாலையிலும் புதிது புதிதாக மாடிகள் எழும்புகின்றன. கல்லூரிப் பிள்ளைகளும், பவுடர் கம்பெனிக்கும் நார் மில்லுக்கும் வேலைக்கு வந்தவர்களும், ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்களும் அவற்றில் குடியேறுகிறோம். மார்கழிக்கு முன்பு, ஐப்பசி மழை நின்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கட்டடத்தில் மேலிருந்து கீழ் வரை ஒருமுறை ஏறி இறங்குங்கள். ஒவ்வொரு குளியலறையிலும் டார்ச் அடித்துக் கீசரின் அடியைப் பாருங்கள். பிளக் இருந்தால் அங்கேயே நின்று கழற்றச் சொல்லுங்கள். வால்வு சொட்டினால் அதன் வாயில் நீளமான ஒரு டியூபை மாட்டி, முனையைத் தரையில் தண்ணீர் போகிற ஓட்டைக்கு இறக்கிவிடுங்கள். கீழ் வீட்டுச் சீலிங்கும் நனையாது, மேல் வீட்டுப் பிள்ளைகளும் பத்திரமாகக் குளிப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் கட்டடம் ஒன்றில் குடியிருக்கும்,
ஓய்வு பெற்ற பாய்லர் அட்டெண்டன்ட் ஒருவன்
பொள்ளாச்சி